வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்: தமிழ் மேடைப்பேச்சு பிறந்த கதை

தேர்தலோ திருவிழாவோ, ஒலிபெருக்கி கட்டிய மேடையைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, மேடைப்பேச்சு சங்க காலம் தொட்டே இருந்து வருவதாகத் தோன்றும். அப்படி இல்லை. புலவர்கள் அவையில் நூலை அரங்கேற்றினார்கள். கோயிலில் ஒருவர் புராணம் படிக்க, இன்னொருவர் பொருள் சொன்னார். ஊருக்குச் செய்தி சொல்லப் பறை அறைந்தார்கள். ஆனால் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தாமே யோசித்துக் கோத்த கருத்துகளை உரைநடையில், எதிரே இருப்பவர்களின் முகம் பார்த்து ஒருவர் பேசுவது வேறு கலை. தமிழில் அது அவ்வளவு பழைய கலை அல்ல.

அது முளைவிட்ட இடங்களில் முதன்மையானது யாழ்ப்பாணம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த வெஸ்லியன், அமெரிக்க மிஷனரிகள் பள்ளி நடத்தினார்கள், அச்சுக்கூடம் வைத்தார்கள், வாரந்தோறும் தமிழில் பிரசங்கம் செய்தார்கள். அவர்களுடைய பிரசங்கத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வேதத்திலிருந்து ஒரு வசனம், அதைப் பிரித்து விளக்குவது, கேட்பவரின் அன்றாட வாழ்வோடு சேர்ப்பது, கடைசியில் இன்னது செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வது. கோயிலில் புராணம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது புதிது.

பீட்டர் பெர்சிவல் நடத்திய வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானவர் நல்லூர் ஆறுமுகம். பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றவர். கிறிஸ்தவப் பிரசங்கத்தை இவ்வளவு அருகிலிருந்து கவனித்த சைவர் அந்த ஊரில் வேறொருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். தம் சமயத்தார் மதம் மாறுவது அவருக்கு வேதனையாக இருந்தது. எதிர்த்தரப்பின் கருவியையே கையில் எடுத்தார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். அப்போது அவருக்கு 25 வயது நிறைந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அந்த முதல் நாளைவிட, அதற்குப் பின் வந்த வெள்ளிக்கிழமைகள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. ஒருமுறை பேசிக் கைதட்டு வாங்கிப் போவது எவராலும் முடியும். அவரும் நண்பர் கார்த்திகேய ஐயரும் வாரம் தவறாமல் அந்தப் பிரசங்கத்தை நடத்தினார்கள். கொல்லாமை ஒரு வாரம், கள்ளுண்ணாமை ஒரு வாரம், சிவபூசை இன்னொரு வாரம் என்று பொருள் மாறிக்கொண்டே இருந்தது. போன வாரம் கேட்டவர்களே இந்த வாரமும் வந்து உட்காருவார்கள். சொன்னதையே சொல்லி ஒப்பேற்ற முடியாது. ஒவ்வொரு வெள்ளிக்கும் புதிதாகப் படிக்க வேண்டும், வகுத்துக்கொள்ள வேண்டும், கேட்பவருக்கு எங்கே பிடிபடவில்லை என்று பார்த்து அடுத்த முறை திருத்திக்கொள்ள வேண்டும். பேச்சாளரை உருவாக்குவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இன்றுவரை ஏற்படவில்லை என்பது என் கருத்து.

1848இல் மிஷன் வேலையை விட்டுவிட்டுச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மறு ஆண்டு அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டவர், வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்தார். அங்கே கிடைத்த ‘நாவலர்’ பட்டமே அவர் பெயராக நிலைத்தது. பிறகு பெரியபுராணத்தை வசனமாக எழுதி 1852இல் அச்சிட்டார். அவருடைய பதிப்புகளில் சொற்களைச் சந்தி பிரித்துக் கொடுத்திருப்பார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்ட முன்னோடியும் அவரே. அந்தக் காற்புள்ளிகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் குறி நிற்கும். வாரந்தோறும் பேசிப் பழகியவரின் காது அந்த எழுத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பிரசங்கம் நடந்தது கோயிலுக்குள். கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத சாதியினருக்கு அது எட்டவில்லை. நாவலர் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்தவரும் அல்லர். பேச்சு பிறந்துவிட்டது, அதைக் கேட்கும் பொதுமக்கள் பிறக்க இன்னும் 60 ஆண்டுகள் ஆயின.

1907இல் வங்கத்துச் சுதேசித் தலைவர் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியபோது கூட்டம் திரண்டது. ஆனால் பேச்சு ஆங்கிலத்தில். தூத்துக்குடியில் நிலைமை வேறு. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களிடம் தமிழில் பேசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆலைத் தொழிலாளி அந்த மேடைக்கு எதிரே வந்து நின்றார். வேலைநிறுத்தம் வென்றது. பேச்சுக்கு இருந்த வலிமையை அரசு சரியாகவே எடைபோட்டது. அந்தப் பேச்சுகளையே ராஜதுரோகக் குற்றமாக்கியது. அதே ஆண்டு ஜூலையில் சிவாவுக்கு 10 ஆண்டு, சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் என்று தண்டனை விதித்தார் நீதிபதி பின்ஹே. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

அடுத்த கண்ணி திரு.வி.கலியாணசுந்தரனார். சென்னை வெஸ்லி பள்ளியில் அவருக்குத் தமிழ் கற்பித்தவர் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை. நாவலர் மரபைப் போற்றி, மேடையில் வாதிட்டு வந்தவர். அந்த ஆசிரியரிடம் சைவப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த மாணவர், 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் நடுவே நின்று பேசினார். கோயில் மண்டபத்துத் தமிழும் தொழிலாளர் கூட்டமும் அவரிடத்தில் ஒன்றுசேர்ந்தன. பின்னால் வந்த திராவிட இயக்க மேடைகளை எல்லோரும் அறிவோம்.

இதை எழுதும்போது இன்றைய பள்ளிப் பேச்சுப் போட்டிகள் நினைவுக்கு வருகின்றன. ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்து, கை அசைவு முதற்கொண்டு ஒப்பித்துவிட்டு இறங்குகிறது. நடுவில் ஒரு வரி மறந்தால் விழிக்கிறது. அடுத்த மேடை அடுத்த ஆண்டுதான். தமிழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். பொருளைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். எழுதிக் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம், தங்கள் சொந்தச் சொற்களில், உடன் படிப்பவர்களைப் பார்த்துப் பேசட்டும். எது புரிந்தது, எது புரியவில்லை என்று கேட்ட பிள்ளைகளே சொல்லட்டும். பரிசு எதுவும் வேண்டாம். அடுத்த வாரம் மறுபடி பேச ஒரு வாய்ப்பு மட்டும் கொடுங்கள்.