வேளை இரண்டு

சங்க நூல்களைச் செடிகொடிகளின் பெயர்க் களஞ்சியம் என்று சொல்வது மிகையன்று. அப்பெயர்கள் எந்தச் செடியைச் சுட்டுகின்றன என்பதில் மயக்கம் நேருமானால், பாட்டின் பொருளும் உடன் மயங்கும். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடியபோது, வெறுமனே காடு என்று கூறி அமையவில்லை. கள்ளி, வாகை, காரை எனப் பெயர் சுட்டியே பாடினார். அவர் பிறந்த மண்ணில் இலக்கியம் பேசும் நமக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்பதால், நாம் அன்றாடம் மிதித்து நடக்கும் இரண்டு செடிகளின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகிறேன்.

அரசலாறு பாயும் நம் பகுதியை எல்லோரும் நெல் விளையும் நன்செய் என்றே அறிவர். ஆயினும் நீர் ஏறாத மேட்டு நிலமும், வெற்று மனையும், குப்பைமேடும் இங்கு உண்டு. அத்தகைய இடங்களில் நல்வேளை, நாய்வேளை என்னும் இரண்டும் முளைக்கின்றன. நல்வேளைக்குத் தைவேளை என்றும், நாய்வேளைக்கு நாய்க்கடுகு என்றும் வேறு பெயர்கள் வழங்குகின்றன.

பூக்காத இளஞ்செடிகளாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டின் இலையும் விரல்போல் பிரிந்திருக்கும். நல்வேளையில் பெரும்பாலும் 5 சிற்றிலைகள். நாய்வேளையில் 3 அல்லது 5. பூத்துவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. நல்வேளையின் பூ வெண்மை, சிலபோது இளஞ்சிவப்புச் சாயல் படிந்த வெண்மை. அதன் 6 மகரந்தத்தாள்களும் இதழ்களுக்கு மேலே உயர்ந்த ஒரு தண்டின்மீது அமைந்து, சிலந்தியின் கால்கள்போல் விரிந்து நிற்கும். நாய்வேளையின் பூவோ மஞ்சள். மகரந்தத்தாள்கள் பலவாகி, பூவின் அடியிலிருந்தே எழும். செடி முழுவதும் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு உண்டு. நல்வேளையின் காய்க்குக் காம்பு நீளும். நாய்வேளையின் காய் காம்பின்றி நிமிர்ந்து நிற்கும்.

புலவர்கள் வேளை என்றது இவற்றுள் எதனை? விடை புறநானூற்றிலேயே உள்ளது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைக் கல்லாடனார் பாடிய 23ஆம் பாட்டில், கலைமானைப் புலிக்குப் பறிகொடுத்த பெண்மான், குட்டியைத் தழுவியபடி ஆளற்ற வழியில் வேளையின் வெண்ணிறப் பூவைத் தின்கிறது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் தன் நண்பர் பிசிராந்தையாரின் நாட்டைச் சொல்லும் 215ஆம் பாட்டிலும் அப்பூவின் நிறம் வெண்மையே. எரு மிகுந்த தெருவில் தழைத்த அதனை ஆயர்மகள் தயிரிட்டுச் சமைக்கிறாள். அவரை கொய்வோர் வயிறார உண்கின்றனர். மஞ்சள் பூக்கும் நாய்வேளைக்கு இப்பாட்டுகளில் இடமில்லை என்பது தெளிவு.

இத்தெளிவோடு மற்ற பாட்டுகளுக்குச் செல்வோம். 246ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, எள்துவையலும் புளியும் சேர்த்து வெந்த வேளையை உண்டு வாழும் கைம்மை தனக்கு வேண்டாம் என்று தீப்புகத் துணிகிறாள். துணையை இழந்த மானும், துணையை இழந்த பெண்ணும் ஒரே செடியின் முன் நிற்பதை எண்ணிப் பாருங்கள். சிறுபாணாற்றுப்படையில் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையைக் கிள்ளி, உப்புமின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்து உண்ணத் தருகிறாள். ஓரிடத்தில் நிறைவான உணவு, ஓரிடத்தில் நோன்பு, ஓரிடத்தில் வறுமை. 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றியதால் இவை நம் கைக்கு எட்டின. அந்த ஆண்டுகளில் அவர் நமக்கு அண்மையில் உள்ள குடந்தையில்தான் கல்லூரி ஆசிரியராக இருந்தார்.

இனி மேலைநாட்டார் கதை. மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், உள்நாட்டு மருத்துவர்களின் துணையோடு உருவாக்கிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இவ்விரு செடிகளும் ‘ஆரியவேள’, ‘காரவேள’ என்னும் மலையாளப் பெயர்களோடு தனித்தனிப் படங்களாக இடம்பெற்றன. 1753இல் லின்னேயஸ் இரண்டையும் ‘கிளியோம்’ என்னும் ஒரே பேரினத்தில் சேர்த்தார். நல்வேளை ‘கிளியோம் கைனாண்ட்ரா’ ஆயிற்று. நாய்வேளை அதன் பிசுபிசுப்பால் ‘கிளியோம் விஸ்கோசா’ ஆயிற்று. ஆனால் அதே நூலில் நாய்வேளைக்கு இருபது மகரந்தத்தாள் எனப் பொருள்படும் ‘ஐகோசாண்ட்ரா’ என்ற இன்னொரு பெயரும், 1763இல் நல்வேளைக்கு ‘பென்டாஃபில்லா’ என்ற பெயரும் அவராலேயே இடப்பட்டன. நம் சிற்றூர்ப் பெண்கள் இரண்டாகவே அறிந்தவற்றைப் பேரறிஞர் நான்காக எண்ணினார்! பின்னாளில் தாவரவியலார் அவற்றை மீண்டும் இரண்டாக்கினர். 1838இல் ரஃபினெஸ்க் நாய்வேளைக்குத் தனிப் பேரினம் வகுத்து ‘அரிவேலா’ என்று பெயரிட்டார். வான் ரீட் பதிவு செய்த நம் ‘வேளை’யே இலத்தீன் உடையில் அங்கு நிற்கிறது.

நெடுங்காலம் இவை ஆதொண்டையின் குடும்பத்தில் வைத்து எண்ணப்பட்டன. மரபணு ஆய்வுகளோ இவை தனிக்குடும்பம் என்றும், கடுகின் குடும்பத்துக்கே மிக நெருங்கிய உறவு என்றும் காட்டியுள்ளன. விதையின் தோற்றம் கண்டு நம்மவர் நாய்க்கடுகு என்றது எத்துணைப் பொருத்தம்! வெப்பமும் வறட்சியும் மிகும்போது கரியமிலவாயுவைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் சோளத்தின் ஆற்றல் நல்வேளைக்கு உண்டு, நாய்வேளைக்கு இல்லை. கென்யாவில் நல்வேளை விரும்பி உண்ணும் கீரை. அதன் கசப்பு நீங்கப் பால் சேர்த்துச் சமைக்கின்றனர். ஆயர்மகளின் தயிர்ச்சமையல் ஈராயிரம் ஆண்டு கழிந்தும் வேறொரு கண்டத்தில் உறவு காட்டுகிறது.

இன்று நம்மிடையே இரண்டும் ‘களை’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கி வருகின்றன. பெயர் அறிந்த பாட்டிமார் குறைந்துவருகின்றனர். உரையாசிரியர் ‘வேளை ஒருவகைக் கீரை’ என்று எழுதிச் செல்லும் இடத்தில், எந்த வேளை என்று கேட்கும் மாணவர் நமக்கு வேண்டும். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம், அடுத்த பத்தாண்டில் காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு ஊர்களில் முதியோர் வாயில் எஞ்சியுள்ள செடிப் பெயர்களைத் திரட்டி, செடியின் படத்தோடு பதிப்பிக்க முன்வர வேண்டும். சங்கப் பாட்டுக்கு நாம் எழுதும் உரையில் அதுவும் ஒரு பகுதியே.