மஞ்சள் நல்லதுதான்... அப்போ மஞ்சள் மாத்திரை? 'குர்குமின்' பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

மஞ்சளால் மஞ்சள் காமாலை வருமா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அமெரிக்கா, இத்தாலி, ஆஸ்திரேலியா என மூன்று நாடுகளில் மருத்துவர்கள் இந்தக் கேள்வியை சீரியஸாகவே விசாரித்திருக்கிறார்கள். 'வரலாம்' என்பதுதான் கிடைத்த பதில். பயந்துபோய் அஞ்சறைப் பெட்டியில் இருந்து மஞ்சளை எடுத்துவிட வேண்டாம். சிக்கல் குழம்பில் போடும் மஞ்சள்தூளில் இல்லை; மூட்டு வலிக்கும், 'இம்யூனிட்டி'க்கும், சர்க்கரைக்கும் என்று சொல்லி மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் விற்கப்படும் மாத்திரையில் இருக்கிறது.

இரண்டும் ஒரே மஞ்சள்தானே, ஒன்று நல்லது என்றால் இன்னொன்று எப்படி கெடுதல் ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

மஞ்சளும் குர்குமினும் ஒன்றா?

இல்லை. மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் வேதிப்பொருளின் பெயர்தான் குர்குமின். 1815-லேயே ஐரோப்பிய வேதியியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். தாவரங்கள் தங்களைப் பூச்சியிடம் இருந்தும் கிருமியிடம் இருந்தும் காப்பாற்றிக்கொள்ள இப்படிப் பல பொருட்களைத் தயாரிக்கின்றன. மிளகில் இருக்கும் பைப்பரின், மிளகாயில் இருக்கும் கேப்சைசின் எல்லாம் இந்த வகையறாதான்.

மஞ்சள்தூளில் குர்குமின் எவ்வளவு? சுமார் 3 சதவீதம். ரகத்துக்கு ரகம் இது மாறும். மேகாலயாவின் லகாடாங் மஞ்சள் போன்ற சில ரகங்களில் 7 சதவீதம் வரை போகும். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் இருக்கும் குர்குமின் 90 மில்லிகிராம். வீட்டில் நாலு பேருக்கான சாம்பாரில் அரை ஸ்பூன் போட்டால், ஆளுக்குக் கிடைப்பது வெறும் 10, 12 மில்லிகிராம்தான்.

மாத்திரைக் கணக்கு வேறு. '95 சதவீதம்' என்று அட்டையில் அச்சடித்த 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் குர்குமினும் அதன் உறவுப் பொருட்களும் 475 மில்லிகிராம் இருக்கும். அதாவது நாற்பது வேளை சாப்பாட்டில் கிடைப்பது ஒரே விழுங்கலில் உள்ளே போகிறது. உணவு நிறமியாகச் சேர்க்கும்போது குர்குமினுக்கு சர்வதேச நிபுணர் குழு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 180 மில்லிகிராம். ஒரே கேப்சூல் அதைத் தாண்டிவிடுகிறது.

உடம்பு ஏற்காத பொருள்

குர்குமினிடம் ஒரு பெரிய பலவீனம் உண்டு. சாப்பிட்டால் ரத்தத்தில் சேராது. தண்ணீரில் கரையாது, குடலில் சரியாக உறிஞ்சப்படாது, உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும்.

பெங்களூருவில் நடந்து 1998-ல் வெளியான ஒரு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவு, அல்லது மிக மிகக் குறைந்த அளவுதான் இருந்தது. அதே அளவோடு மிளகின் பைப்பரினை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது. மஞ்சள் மாத்திரை விளம்பரம் எதைப் பார்த்தாலும் இந்த '2,000 சதவீதம்' இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று கூடியிருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்!

பாட்டி மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போட்டதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை. பொருட்களை மாற்றி வெளியேற்றும் கல்லீரலின் வேலையையே அது மந்தப்படுத்துகிறது. வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரானலால் போன்ற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் கூடுவதாக ஆய்வுகள் உண்டு. ரசத்தில் போடும் மிளகுக்காக யாரும் கவலைப்படத் தேவையில்லை. தினமும் செறிவூட்டிய மாத்திரையாகப் போடுபவர்கள் யோசிக்க வேண்டும்.

கல்லீரலில் என்ன நடந்தது?

அமெரிக்காவில் மருந்துகளால் ஏற்படும் கல்லீரல் பாதிப்புகளைப் பதிவு செய்வதற்கென்றே மருத்துவமனைகளின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. 2004 முதல் 2022 வரையிலான பதிவுகளில், மஞ்சள் மாத்திரையால் ஏற்பட்டது என 10 பேரின் பாதிப்பு உறுதிசெய்யப்பட்டது. 5 பேர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர், ஒருவர் கல்லீரல் செயலிழந்து உயிரிழந்தார். சோதிக்கப்பட்ட 7 மாத்திரைகளில் 3-ல் பைப்பரின் இருந்தது.

இன்னொரு தகவல் இன்னும் முக்கியமானது. 10 பேரில் 7 பேரிடம் ஒரே மரபணு வகை காணப்பட்டது. அதாவது எல்லோருக்கும் இந்த ஆபத்து சமமாக இல்லை. சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் மட்டும் இதற்கு எதிராகக் கிளம்புகிறது. 'எங்க அண்ணன் மூணு வருஷமா சாப்பிடுறார், ஒன்னும் ஆகலையே' என்ற வாதம் இங்கேதான் அடிபடுகிறது. அண்ணனுக்கு ஆகவில்லை என்பதால் தம்பியின் மனைவிக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது.

இத்தாலியில் 2019-ல் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை அடுத்து, மாத்திரை அட்டைகளில் எச்சரிக்கை அச்சிட அரசு உத்தரவிட்டது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-ல் பொதுமக்களை எச்சரித்தது.

கோடிக்கணக்கானோர் சாப்பிடும் ஒரு பொருளுக்கு இந்த எண்ணிக்கை சின்னதுதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இது புற்றுநோய்க்கு எடுக்கும் கீமோதெரபி அல்ல, கொஞ்சம் ஆபத்தைத் தாங்கிக்கொள்ள. பலன் எவ்வளவு உறுதி என்பதைப் பார்த்துத்தான் ஆபத்தை எடைபோட வேண்டும்.

அப்படியானால் பலனே இல்லையா?

இருக்கிறது, சில இடங்களில். தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடந்த ஆய்வில், நான்கு வாரங்களுக்குப் பிறகு மஞ்சள் சாறு மாத்திரை வலியைக் குறைப்பதில் ஐபுப்ரோஃபெனுக்கு சளைக்கவில்லை. அதே நாட்டில் 2023-ல் வெளியான இன்னொரு ஆய்வில், அஜீரணக் கோளாறுக்கு ஒமெப்ரசோல் மாத்திரை அளவுக்கு குர்குமினும் நிவாரணம் தந்தது.

மறுபக்கமும் உண்டு. கனடாவில் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 606 பேரிடம், அழற்சியைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சி குறையவில்லை. சிறுநீரக பாதிப்போ வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 சதவீதம் பேருக்கும், குர்குமின் சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கும் வந்தது. 2018-ல் வெளியான முடிவு இது.

அப்புறம் எப்படி 'புற்றுநோயைக் கொல்லும் மஞ்சள்' என்று இத்தனை செய்திகள்? பெரும்பாலானவை சோதனைக்குழாயில் இருந்து வந்தவை. குர்குமின் தானாகவே ஒளிரும் தன்மை உள்ளது. கண்ணில் படும் புரதத்தோடு எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகச் சோதனைகள் பலவும் ஒளியை அளந்துதான் 'மருந்து வேலை செய்கிறது' என்று சொல்கின்றன. அதனால் வேலை செய்யாத இடத்திலும் செய்வது போல் தோன்றும். வேதியியலாளர்கள் சிலர் 2017-ல் இதை விரிவாக எழுதினார்கள். அதுவரை நடந்திருந்த 120-க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகளில், கடுமையான முறையில் நடத்தப்பட்டு வெற்றி கண்ட ஒன்றைக்கூட அவர்களால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

நித்தியகல்யாணி ஜெயித்தது எப்படி?

தாவரத்தில் இருந்து வந்தது என்பதற்காகவே ஒரு மருந்தை சந்தேகப்படவும் கூடாது. நம்மூர் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியை சர்க்கரை நோய்க்கான நாட்டு மருந்தாகப் பல நாடுகளில் பயன்படுத்தினார்கள். 1950-களில் கனடா ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. ரத்த வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த எதிர்பாராத திருப்பம்தான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளுக்கு வழிவிட்டது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இன்றும் பயன்படுகிறது.

ஆனால் நித்தியகல்யாணி இலையை மென்று யாருக்கும் புற்றுநோய் குணமாகவில்லை. பொருளைப் பிரித்து, அளவை நிர்ணயித்து, ஊசி வழியாக நேராக நரம்பில் செலுத்தி, பக்கவிளைவைக் கண்காணித்து... இத்தனைக்கும் பிறகுதான் அது மருந்து ஆனது. மஞ்சள் மாத்திரை இந்தப் படிகளை ஏறாமலேயே 'உணவுத் துணைப்பொருள்' என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது.

காயத்துக்கு மஞ்சள் வைப்பதை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 1995-ல் காப்புரிமை வாங்க, இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர் பழைய நூல் ஆதாரங்களோடு போராடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது நினைவிருக்கலாம். அந்த வெற்றி, மஞ்சளைப் பற்றிய அறிவு நம்முடையது என்பதற்கான தீர்ப்பு. மஞ்சள் எல்லா நோயையும் தீர்க்கும் என்பதற்கான தீர்ப்பு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் வாட்ஸ்அப்பில் அதிகம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஏற்கெனவே கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குர்குமின் மாத்திரையைத் தொடக் கூடாது. மஞ்சளில் ஆக்சலேட் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்களும் இந்த வரிசையில் வருவார்கள். கர்ப்பிணிகளுக்கு சமையல் அளவு போதும்.

கல்லீரல் பாதிப்பு பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய 1 முதல் 4 மாதங்களுக்குள் தெரியவரும். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, பசியின்மை, காரணமில்லாத சோர்வு ஆகியவை அறிகுறிகள். வந்தால் முதலில் மாத்திரையை நிறுத்த வேண்டும், உடனே கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பாதிப்பு சரியாகிவிடுகிறது.

'வேற என்ன மாத்திரை எடுக்குறீங்க?' என்று டாக்டர் கேட்கும்போது பலரும் 'ஒன்னும் இல்ல சார்' என்றுதான் சொல்வார்கள். மஞ்சள் மாத்திரையை அவர்கள் மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.