ரொட்டியும் இரத்தச் சோதனையும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில், லயக் காம்பராக்களின் அடுப்புகளிற் காலையில் வேகுவது பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியே. ஆயினும் கோதுமை இலங்கையில் விளையும் தானியமன்று. அம்மக்களின் முன்னோர் உண்டது சோறு. 1942ஆம் ஆண்டிற் பர்மா யப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டு உணவாகக் கோதுமை மா பரவிற்று. போர் முடிந்தது, ரொட்டி நிலைத்தது.

அதே போர் ஒல்லாந்து நாட்டில் நேர்மாறான விளைவைத் தந்தது. 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில் அந்நாட்டு மக்களுக்குப் பாண் கிடைப்பது அரிதாயிற்று. அதனால் நன்மை பெற்ற பிள்ளைகளும் சிலர் இருந்தனர்.

வயிறு உப்பி, கைகால் மெலிந்து, ஓயாத கழிச்சலால் வாடும் குழந்தைகளின் நோயை 1888இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ விவரித்திருந்தார். சீலியாக் எனப்படும் அந்நோய்க்கு உணவிலேயே பரிகாரம் உண்டு என்பது அவர் கருத்து. எந்த உணவு பகை என்பதை அவர் அறிந்திலர். ஹேக் நகரின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1930களிலேயே கோதுமையின்மேல் ஐயங்கொண்டார். போர்க்கால அனுபவம் அதனை வலுப்படுத்தியது. 1950இல் தம் ஆய்வேட்டில் அவர் அதனை நிறுவினார். கோதுமை, பார்லி, றை ஆகியவற்றிலுள்ள குளுட்டன் என்னும் புரதமே சிலரது உடலின் தற்காப்புச் சக்தியைத் தவறாகத் தூண்டிச் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கின்றது.

1997இல் ஜேர்மனியில் டெட்லெஃப் ஷுப்பான் குழுவினர், இந்நோயாளரின் உடல் தன் சொந்த நொதியம் ஒன்றையே எதிர்க்கின்றதெனக் கண்டனர். அந்நொதியத்திற்கு எதிரான பொருளை அளப்பதே இன்றைய இரத்தச் சோதனை.

அதன் முடிவைப் படிப்பதில் மூன்று செய்திகளைப் பெற்றோர் மனத்திற்கொள்ளல் வேண்டும். முதலாவது, சோதனைக்கு முன் ரொட்டியை நிறுத்தலாகாது. கோதுமையை விலக்கிய பிள்ளையின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் மறைந்துகொள்ளும். இரண்டாவது, அவ்வெதிர்ப்பொருள் ஐ.ஜி.ஏ. என்னும் வகையைச் சேர்ந்தது. சிலருக்குப் பிறவியிலேயே அவ்வகை குறைவு. ஆதலால் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்த்தாலன்றி, ‘நோயில்லை’ என்னும் முடிவை நம்ப இயலாது. மூன்றாவது, அளவு கூடியிருத்தல் மட்டுமே தீர்ப்பன்று. சிறுகுடலின் துணுக்கை எடுத்துப் பார்த்து மருத்துவர் உறுதிசெய்வர். அளவு வரம்பினும் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருப்பின், மற்றோர் இரத்த மாதிரியைக் கொண்டே சில வேளை உறுதிசெய்தலும் உண்டு.

தோட்டத்துப் பிள்ளை மெலிவதற்குப் பூச்சித் தொல்லையும் ஊட்டக்குறையும் காரணமாகலாம். ஆதலின் ஊகத்தால் உணவை விலக்குவதும் தவறு. எல்லாம் பூச்சியென்று வாளாவிருப்பதும் தவறு.

நோய் உறுதியாயின் கோதுமையை வாழ்நாள் முழுவதும் விலக்கவேண்டும். பிள்ளைக்கு வேறு ரொட்டியும், வீட்டாருக்குக் கோதுமை ரொட்டியும் என்றால், இரு மாவும் ஒரே தாச்சியிற் கலவாதபடி பார்த்தல் வேண்டும். ஒற்றை அறைக் காம்பராவில் அது எளிதன்று. ஆயினும் சோறும், குரக்கன் ரொட்டியும், மரவள்ளிக் கிழங்கும் அப்பிள்ளைக்குத் தீங்கு செய்யா. போர் கொணர்ந்த மாவை விலக்கும் அப்பிள்ளைக்கு, முன்னோர் உண்ட சோறே மருந்தாகின்றது.