தூண்டில் ஈயும் கானவாரணத்தின் கழுத்திறகும்

ட்ரௌட், சால்மன் மீன்களை ஏமாற்றத் தூண்டில்முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்வது ஐரோப்பியரின் பழங்கலை. இதை ‘ஈ கட்டுதல்’ என்பர. இன்று இதைக் கற்கப் புகுவோர், முள்ளைப் பற்றும் வைஸ், நூல் செலுத்தும் பாபின், இறகு பிடிக்கும் இடுக்கி, கத்தரிக்கோல் ஆகியவற்றை ஒரே பெட்டியாக வாங்கிவிடலாம். முன்னோர் எதை வாங்கினர்?

1496இல் விங்கின் டி வோர்ட் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சிட்ட தூண்டில் நூலைக் காண்போம். ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் பெண்துறவி இயற்றியதாகச் சொல்வது மரபு, சான்று வலுவில்லை. அரம், கத்தி, குறடு, சுத்தியல், பட்டடை என அந்நூல் கேட்கும் கருவிகள் கொல்லன் உலைக்கு உரியவை. தையலூசியை நெருப்பில் பழுக்கவைத்து, வளைத்து, நீரில் தோய்த்து முள்ளைத் தானே செய்துகொள்ள வேண்டும்! அது கூறும் பன்னிரண்டு ஈக்களுக்கோ கம்பளி, கௌதாரி இறகு, மயிற்பீலி போன்றவையே பொருள்கள். 1676இல் சார்லஸ் காட்டன், முள்ளை இடக்கை விரல்களுக்கிடையே பிடித்துக் கட்டும் முறையை விளக்குகிறார். வைஸ் பரவியது நெடுங்காலம் கழித்தே. முள் செய்யும் வேலையையும் பின்னாளில் ரெட்டிச் நகரத்துத் தொழிலாளர் ஏற்றுக்கொண்டனர்.

கருவியில் சிக்கனம் காத்த இக்கலை, இறகில் அதை இழந்தது. விக்டோரியா காலத்துச் சால்மன் ஈக்களுக்குத் தென்னமெரிக்கக் கொட்டிங்காவும் டூக்கானும் வேண்டியிருந்தன. ‘ஜாக் ஸ்காட்’ என்னும் புகழ்பெற்ற ஈயின் இருபுறமும் பதிக்கப்படுவது யாருடைய இறகு? நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடையது. சங்கப் புலவர் கானவாரணம் என்றழைத்த இனம். அதன் கழுத்திறகில் மெழுகு பூசினாற்போன்ற மஞ்சட்புள்ளிகள் உண்டு. அவற்றுக்காகவே அது கழுத்துத்தோலோடு கப்பலேறியது. இத்தனைக்கும், முட்டையிட ஆறு திரும்பும் சால்மன் பெரும்பாலும் இரையே தின்பதில்லை. மயங்கியது மீனா, மனிதனா என்று கேட்கத் தோன்றுகிறது.

அம்மயக்கம் விக்டோரியாவோடு மறையவில்லை. 2009 ஜூனில், ஈ கட்டுவதில் தேர்ந்த ஓர் இளைஞர் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில் புகுந்து 299 பறவைத்தோல்களைக் களவாடினார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் திரட்டியவையும் அவற்றுள் இருந்தன. மீண்ட தோல்கள் பலவற்றில் சீட்டுகள் இல்லை. எங்கே, எப்போது கிடைத்தது என்று சொல்லும் சீட்டு போனால், ஆய்வாளருக்கு அது வெறுந்தோல்தான். அவ்விழப்பை எந்தத் தண்டனையும் ஈடுசெய்யாது என்றே கருதுகிறோம்.

புதிதாய்த் தொடங்குவோர் பெட்டி வாங்குமுன் ஃபிராங்க் சாயரை அறிந்துகொள்ளலாம். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராயிருந்தவர். 1958இல் வெளியான தம் நூலில் அவர் விவரித்த இளம்பூச்சி வடிவத்துக்கு வேண்டியவை இரண்டே: ஃபெசன்ட் சேவலின் வால் இழைகள், மெல்லிய செப்புக்கம்பி. நூல்கூட இல்லை, கம்பியே கட்டும், கம்பியே பாரமாகி நீரில் அமிழ்த்தும். ட்ரௌட் தூண்டிற்காரர் இன்றும் அதைத்தான் கட்டுகின்றனர்.