தாதுவும் டெஸ்டோஸ்டிரோனும்: நடுவயதுச் சிகிச்சையின் வரலாறு குறித்து

கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவமனையும் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்குகின்றன. நடுவயதில் ஆண்மை தளர்ந்ததென வருந்துவோருக்கு இவ்விரு மரபுகளும் வெவ்வேறு விளக்கம் தருகின்றன. சித்த மருத்துவம் ஏழு உடற்தாதுக்களுள் இறுதியாகச் சுக்கிலத்தை வைக்கிறது. நவீன மருத்துவம் குருதியிலுள்ள டெஸ்டோஸ்டிரோனை அளக்கிறது. இரண்டும் ஒன்றே என்னும் மயக்கம் ஆராயத்தக்கது.

ஐரோப்பாவிலும் இத்தகைய மயக்கம் இருந்தது. மொரிசியசின் போர்ட் லூயிசில் (தமிழ்க் கைவினைஞர் குடியேறிய துறைமுகம் அது) பிறந்த பிரௌன்-செக்கார், 1889இல் தம் 72ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசியாகச் செலுத்தி, வலிமை மீண்டதாகப் பாரிசில் அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் நீரில் எளிதிற் கரையாது. எனவே அவர் கண்ட பயன் பெரும்பாலும் நம்பிக்கையின் விளைவே எனலாம். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழுவினர் காளை விரைகளிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். அவ்வாண்டே புடெனாண்டும் ருசிச்காவும் தனித்தனியே அதனைச் செயற்கையாக உருவாக்கினர்.

இன்று அறிகுறிகளோடு, இருமுறை செய்யப்படும் காலைநேரக் குருதிச் சோதனையும் குறைவைக் காட்டினாலே சிகிச்சை தொடங்கப் பரிந்துரைக்கப்படுகிறது. ‘தாது விருத்தி’ எனக் கருதி இதனை நாடுவோர் ஒரு முரணை எதிர்கொள்கின்றனர்: வெளியிலிருந்து செலுத்தப்படும் டெஸ்டோஸ்டிரோன், பிட்யூட்டரிச் சுரப்பியின் தூண்டலைத் தணித்து விந்தணு உற்பத்தியைக் குறைக்கிறது. நாற்பதைக் கடந்தும் மகப்பேற்றுக்குக் காத்திருப்பவர், தளர்ச்சி நீங்கவென்று ஊசியைத் தொடங்கினால், அப்பேறே தடைப்பட நேரிடும்.