கேள்வியும் கேண்மையும்

கேள் என்பது ஒரு சிறு சொல். அது வினையாய் நின்றவழிச் செவிகொடுத்தலை உணர்த்தும். பெயராய் நின்றவழி உறவையும் நட்பையும் உணர்த்தும். கேள்வி என்பது முன்னதன் வழி வந்தது. கேளிர், கேண்மை என்பன பின்னதன் வழி வந்தன. இரண்டும் ஒரு வேரினவோ வேறு வேரினவோ என்னும் ஆராய்ச்சி சொல்லிலக்கணம் வல்லார்க்கு உரியது. உலகியலில் அவை ஒன்றையொன்று தழுவியே நிற்கும் என்பதும், கேளாதாரிடத்துக் கேண்மை நெடிது நில்லாது என்பதும் எம் துணிபு. திருவள்ளுவனார் கல்லாமையை 41-ஆம் அதிகாரமாகவும், கேள்வியை 42-ஆம் அதிகாரமாகவும், அறிவுடைமையை 43-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். கல்லாமை என்னும் கரையினின்று அறிவுடைமை என்னும் கரைக்குச் செல்வார்க்குக் கேள்வியே தோணியாம் என்பது அம்முறைவைப்பாற் பெறப்படும்.

மரக்காணத்து உப்பளங்களை அடுத்துக் கடலோரத்தே அமைந்த எக்கியார்குப்பம் முதலிய ஊர்களில் வாழ்வார்க்கு இது புதிய செய்தியன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதன்கண் வரும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். வழிநடை வருத்தத்தோடு வந்த பாணர்க்கு அப்பட்டினத்து நெய்தல்நில மக்கள் சுட்ட மீனும் பிறவும் அளித்து உபசரித்தலை அந்நூல் கூறும். பாணனாவான் யாவன்? ஊர்தோறும் சென்று, ஓரூரார் அறியாததனை மற்றோரூரார்க்கு இசையோடு உரைப்பவன். ஆகவே, வந்தவனுக்குச் சோறிடுதலும் அவன் உரைக்குச் செவியிடுதலும் நம் கரையில் ஒரு செயலின் இரு கூறுகளாகவே இருந்தன.

இப்பழைய வழக்கத்தையே இக்காலத்துக்கேற்ப ஒழுங்குசெய்து, உண்ணலும் கேட்டலும் தொண்டும் ஒருங்கமைய உலகெங்கும் பரப்பியது ரோட்டரி சங்கம். அதன் வரலாறு சங்கம் நடாத்துவார் அனைவரும் அறிந்துகொள்ளத்தக்கது.

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் இருந்தார். சிற்றூரில் வளர்ந்த அவர்க்கு அம்மாநகரத்தில் அறிமுகமானோர் பலராயினும் நண்பர் சிலரே. அத்தனிமை நீங்கும்பொருட்டு, 1905-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், நிலக்கரி வணிகர் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையற்கடை நடாத்துவார் ஒருவர் ஆகிய மூவரோடும் அவர் கூடினார். கூட்டம் ஒருவர் பணியிடத்தில் ஒருமுறையும், மற்றொருவர் பணியிடத்தில் மறுமுறையுமாகச் சுழன்று நடந்தமையின், சுழற்சி என்னும் பொருள்பட அச்சங்கம் ரோட்டரி எனப் பெயர்பெற்றது. ஒரு தொழிலுக்கு ஒருவரே சேர்க்கப்படுவர் என்பது அவர் வகுத்த விதி. அதனால் தன் தொழிலைப் பற்றி ஒருவர் பேசுங்கால் ஏனையோர்க்கு அது புதுமையாயிருந்தது. நிலக்கரியும் துணியும் சட்டமும் ஒரே அவையில் ஒன்றையொன்று கேட்டு அறிந்தன.

ஆயினும் தொடக்கத்தில் அச்சங்கத்துக்கு ஒரு குறை இருந்தது. அங்கத்தினர் தம்முள் ஒருவர்க்கொருவர் வாணிகம் தேடிக்கொடுத்தலையே பெரும்பயனாகக் கருதினர். அக்கொடுக்கல் வாங்கலைக் குறித்துவைத்தற்கு ஒரு கணக்கரையும் அமைத்தனர். 1906-ஆம் ஆண்டில் டொனால்டு கார்ட்டர் என்னும் வழக்கறிஞரைச் சங்கத்திற் சேருமாறு ஓர் அங்கத்தினர் அழைத்தார். அவர் சங்கத்தின் நோக்கங்களைப் படித்துப் பார்த்து, தம் நலமே கருதும் கூட்டம் நெடுநாள் நில்லாது, ஊர்க்கு நன்மை செய்வதாயின் சேரலாம் என்னும் கருத்துப்பட மறுமொழி கூறினார். சங்கத்தார் வெகுளவில்லை. அவர் சொல்லைக் கேட்டுத் தம் விதிகளைத் திருத்தி, நகர நலத்தையும் ஒரு நோக்கமாகச் சேர்த்தனர், அவரும் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அந்நகரத்துப் பொதுமக்கட்குக் கழிப்பிடம் அமைக்கும் முயற்சியிற் சங்கம் முன்னின்றது. இன்று உலகெங்கும் நடைபெறும் அதன் தொண்டுக்கெல்லாம் வித்து, அன்று அங்கத்தினரல்லாத ஒருவர் கூறிய கைப்பான சொல்லே. அழைக்கப்பட்டவர் புகழ்ந்துரைத்துப் போயிருப்பின் அச்சங்கம் ஒரு வாணிகக் கூட்டமாகவே முடிந்திருத்தலுங் கூடும்.

இக்கருத்தினையே விருந்துரை என்னும் ஒழுங்கு நிலைநிறுத்துகின்றது. வாரந்தோறும் கூடி உண்டபின், ஒருவர் ஒரு பொருள்பற்றிச் சுருங்கப் பேசுவர்; கேட்டோர் வினவுவர்; நன்றி கூறுவர்; குறித்த நேரத்திற் கலைவர். ஓரூர்ச் சங்கத்தார் வேற்றூர் செல்லின், ஆங்குள்ள சங்கக் கூட்டத்திலும் உரிமையோடு சென்று அமரலாம். அவையின் மாண்பைக் காத்தலும் இவ்வொழுங்கில் அடங்கும். வந்த பேச்சாளர் ஒருவர் அவைக்கு ஒவ்வாத கதையொன்றைத் தொடங்க, ஹாரி ரகில்ஸ் என்னும் அச்சகத்தார் எழுந்து, வாருங்கள் பாடுவோம் என்று அனைவரையும் பாட்டில் ஈடுபடுத்தி அதனைத் தடுத்தார் என்று அச்சங்கத்தார் இன்றும் சொல்வர். வாரந்தோறும் கூடவேண்டும் என்னும் கட்டுப்பாடு 2016-இல் தளர்த்தப்பட்டதாயினும், கூடுதலும் கேட்டலும் ஒழிந்தில.

நம் நாட்டில் முதல் ரோட்டரி சங்கம் 1919-இல் கல்கத்தாவில் அமைந்தது. 1928-இல் கானடா நாட்டு ஜேம்ஸ் டேவிட்சன் என்பார் கீழ்த்திசை நாடுகளிற் சங்கங்கள் அமைக்கப் புறப்பட்டார். சென்னையிலும் கொழும்பிலும் 1929-இலும், சிங்கப்பூரில் 1930-இலும் சங்கங்கள் தோன்றின. தொடக்கத்தில் இவை ஆங்கிலம் அறிந்த வணிகரும் பதவியாளரும் கூடும் அவைகளாகவே பெரும்பாலும் இருந்தன. பின்னர்க் கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் லாஹரி 1962-63-இல் உலகத் தலைமை பூண்டார். கொழும்பைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன் 2015-16-இல் அத்தலைமை ஏற்றார்.

இத்தகைய அவை செல்வர்க்கே உரியது என்று ஏழைமக்கள் எண்ணவேண்டா. சென்னைப் பெரம்பூரில் ஆலைத்தொழிலாளர் வாழும் பகுதியில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அதனை நடாத்தினர். அங்குப் பெரியோர்களை அழைத்துச் சமயச் சொற்பொழிவுகள் நிகழ்த்துவிப்பர், திரு. வி. கலியாணசுந்தரனாரும் ஆண்டுப் பேசியவரே. உரை கேட்க வந்த தொழிலாளர் தம்முட் கலந்தனர். கலந்தவர் தம் குறைகளையும் பேசினர். சபையை நடாத்தினோர் பி. பி. வாடியா என்பாரை அணுகினர். அவர் பார்சி வகுப்பினர், தமிழறியார். அவர் ஆங்கிலத்தில் உரைத்தது தமிழிற் பெயர்த்துரைக்கப்பட்டது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, வாடியா தலைவரானார். வேற்று வகுப்பினரும் வேற்று மொழியினருமாகிய ஒருவரை அழைத்துக் கேட்டமையால் அத்தொழிலாளர் தம் ஒற்றுமையை இழந்திலர், பெற்றனர்.

கேள்வி தொண்டாகக் கனிந்தமைக்கு மற்றுமொரு சான்று உண்டு. குழந்தைகளை முடமாக்கும் இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்க ரோட்டரி சங்கம் 1985-இல் உலகளாவிய முயற்சியொன்றைத் தொடங்கியது. இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலத்திலும், சொட்டுமருந்து கொடுக்கும் நாட்களில் இருதிறத்தாரும் படைக்கலம் ஓய்ந்திருக்குமாறு பேசி இணக்குவித்தவருள் மேற்குறித்த ரவீந்திரனும் ஒருவர். பகைவரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டமையால் குழந்தைகள் கால் பெற்றனர். இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாளுக்குப் பின் அந்நோய் காணப்படாமையின், 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் நம் நாடு அதனின்று விடுபட்டதென உறுதிகூறப்பெற்றது.

இத்துணைச் சிறப்பிற்றாகிய அச்சங்கமும் நெடுங்காலம் ஒரு வாயிலை அடைத்தே வைத்திருந்தது. கலிபோர்னியாவில் துவார்ட்டே என்னும் ஊர்ச் சங்கம் மகளிர் மூவரைச் சேர்த்துக்கொண்டமைக்காக 1978-இல் நீக்கப்பட்டது. வழக்கு நடந்து, 1987-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றங்கட்கெல்லாம் மேலான மன்றம் மகளிர் சார்பில் தீர்ப்பளித்தது. 1989-இல் உலகெங்கும் அவ்வாயில் திறக்கப்பட்டது. நம் கரையில் மீன்கூடை சுமந்து விற்பார் மகளிர். உப்பளத்தில் வெயிலில் உழைப்பாரும் மகளிர் பலர். அவரை வெளியே நிறுத்திக் கூட்டும் கூட்டம் பாதி ஊரின் கூட்டமே ஆகும்.

இனி நம் நிலையை எண்ணுவோம். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது ரோட்டரி தொடக்கத்தில் வகுத்திருந்த விதி. ஒரு குலத்தார் பலர் கூடுவது நம்மனோர் சங்கம். அங்கே வேற்றுமையினின்று கேண்மை பிறக்கவேண்டும். இங்கே கேண்மை பிறப்பிலேயே கிடைத்தது. எளிதிற் கிடைத்தமையால் அது தன்னுரையையே தான் கேட்டு மகிழும் இயல்புடையது. ஆண்டுவிழாவில் மாலையிட்டு, நம்மைப் புகழ்வாரையே அழைத்து, அவர் புகழ்ந்தமைக்கு நாம் கைதட்டி, உண்டு கலைதல் விருந்தாகலாம், கேள்வி ஆகாது.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்கியார்குப்பம் முதலிய இடங்களில் நச்சுச் சாராயம் பருகிப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை இக்கரையார் மறவார். அச்சாராயத்தில் இருந்தது மெத்தனால் என்னும் நஞ்சு. அது வயிற்றிற் சென்ற அளவிலே தன் கொடுமையைக் காட்டாது, பல நாழிகை கழித்தே காட்டும். உடலுள் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைக் கெடுக்கும்; பின் உயிரையும் கவரும். பார்வை மங்குமுன்னரே மருத்துவமனை சேர்ந்தார்க்கு மாற்றுமருந்து உண்டு. இதனை ஒரு மருத்துவர் அரைமணி நேரத்திற் குப்பத்து மக்கட்கு விளங்க உரைக்கலாம். அவ்வரைமணி நேரம் எத்தனை தாலிகளைக் காக்கும் என்று அளவிட்டுரைத்தல் அரிது. கரைக்கு வேண்டும் விருந்துரை இத்தகையதே.

எனவே எம் வேண்டுகோள் மூன்று. திங்கள்தோறும் நம்மவரல்லாத ஒருவரையேனும் அழைத்துக் கேட்போமாக: மருத்துவர், வானிலை அறிந்தார், சட்டம் வல்லார், பிற வகுப்பினர், பிற சமயத்தவர். அவர் நம் குறையைச் சுட்டினும் முகம் சுளியாது இருப்போமாக. கார்ட்டரின் சொல்லைக் கேட்டார் கெட்டிலர். மூன்றாவது, நாமும் பிறர் அவைக்கு விருந்தினராய்ச் செல்லுதற்குத் தகுவோமாக. காற்றின் திசையும் நீரின் நிறமும் கண்டு மீன் செல்லும் வழியை உணரும் முதியோர் நம் குப்பங்களில் உளர். உப்பு விளையும் பதத்தை விரல்நுனியால் அறிவாரும் உளர். அவர் பேசக் கல்லூரியும் நகரமும் கேட்கும் நாள் வருதல் வேண்டும்.

கேட்பித்தலும் கேட்டலும் ஒத்து நிகழுமிடத்தே கேண்மை வளரும். அடுத்த கூட்டத்துக்கு இலை போடுமுன், யாரை அழைப்பது என்று நம் அன்பர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.