பாசிக்கு ஏதுலே பூ?

சின்ன வயசுல குளத்துல குளிச்சிட்டு, கால்ல சுத்தின வேலம்பாசியோட வீட்டுக்கு வந்து, "இதுல குட்டியா வெள்ளைப் பூ இருக்கு ஆச்சி"ன்னு காட்டினேன். "பாசிக்கு ஏதுலே பூ? போயி துணிய மாத்து"ன்னுட்டா. தென்காசிப் பக்கம் தண்ணிக்குள்ள பச்சையா எது இருந்தாலும் பாசிதான். ஐந்தருவிப் பாறையில வழுக்கி விடுறதும் பாசி, குளத்துல கிடக்கிறதும் பாசி.

ஆனா வேலம்பாசி பாசியே இல்லீங்க. வேர், பூ, விதை எல்லாம் இருக்கிற முழுச் செடி. அதோட ஒண்ணுவிட்ட சொந்தக்காரி ஒருத்தி மன்னார் வளைகுடாவுல கடலுக்கடியில நிக்கிறா. கடற்புல் வகைகள்ல உயரமானவங்கள்ல ஒருத்தி, பேரு எனாலஸ். ரெண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

இவங்க ரெண்டு பேரையும் அறிவியல் உலகத்துக்குக் கொண்டுபோனவர் ஒரே ஆள்ங்கறதுதான் ஆச்சரியம். யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸோட மாணவர். 1768-ல தரங்கம்பாடிக்கு மருத்துவரா வந்தவர், மருத்துவத்தை விட செடி தேடினதுதான் அதிகம். அவர் அனுப்பின காஞ்ச மாதிரிகளை வச்சு லின்னேயஸோட மகன் 1782-ல வெளியான புத்தகத்துல ரெண்டுக்கும் பேர் வச்சார். கடல்காரிக்கு நன்னீர்ச் செடி ஒண்ணோட பேரினப் பேரு! 1839-லதான் ராயில் அதை எனாலஸ்ல சேத்தார். கோனிக் 1785-லயே போய்ச் சேந்துட்டார். கடற்புல்லுக்கும் பூ உண்டுன்னு இத்தாலியில காவோலினி விரிவா எழுதினது 1792-ல, அதுவும் மத்தியதரைக்கடல் வகையைப் பத்தி.

(அடுத்த நூற்றாண்டுல ராபர்ட் வைட் மாதிரி பெரிய ஆளுங்க குற்றாலத்துக்கே வந்து செடி பொறுக்கினாங்க. மலைச்செடிக்கு இருந்த மவுசு கடல்செடிக்கு இல்லைன்னு எனக்கு ஒரு ஆதங்கம்.)

சரி, காஞ்ச இலையைப் பாத்தா தெரியாத விஷயம் என்ன? பனையில ஆண்பனை, பெண்பனை இருக்குல்ல, எனாலஸும் அப்படித்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் நல்லா வத்துற நேரம், அடியில இருக்கிற ஆண்செடியில இருந்து பொடிப்பொடிப் பூக்கள் காம்பை அத்துக்கிட்டு மேல வரும். தெர்மாகோல் தூள் மாதிரி வெள்ளையா, காத்து தள்ளுற பக்கம் ஓடும். பெண்பூ நீளமான காம்புல தண்ணி மட்டத்துக்கு வந்து இதழை விரிச்சுக் காத்துக்கிட்டு இருக்கும். ஓடுற ஆண்பூ அதுல ஒட்டும். கடல் ஏறும்போது இதழ் மூடி, பூவோட சேத்துப் பிடிச்சுக்கும். அப்புறம் காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, காயைக் கீழ இழுத்துடும். மத்த கடற்புல்லெல்லாம் பெரும்பாலும் தண்ணிக்குள்ளயே நூல் மாதிரி, சரம் மாதிரி மகரந்தத்தை விட்டுக் காரியத்தை முடிச்சிடுது. எனாலஸ் மட்டும் கடலுக்குப் போயும் குளத்துப் புத்தியை விடலை. வேலம்பாசியோட ஆண்பூவும் இதே மாதிரி அத்துக்கிட்டு மேல வந்து, பட்டுன்னு வெடிச்சு மகரந்தத்தைத் தெறிக்கும்.

மேல வந்தே ஆகணும்கறதால எனாலஸ் ஆழமில்லாத இடத்துலதான் வாழும். இழுவலை உரசிட்டுப் போறதும் அங்கேதான். 2022-ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரை கடல்பசுக் காப்பகமா தமிழக அரசு அறிவிச்சுது. அந்தப் பசுவுக்கு மேய்ச்சல் இந்தப் புல்லுங்கதான்.

போன மாசம் அதே குளத்துக்குப் போனேன். கரையில இருந்து கரை வரைக்கும் ஆகாயத்தாமரை. பூ மிதந்து போக ஒரு சாண் தண்ணிகூட வெளியில தெரியலை.